அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் வறுமை: காரணம் கல்விக் கொள்கையா, பொருளாதாரக் கொள்கையா?

என்னிடம் வந்த கேள்வி இது: "பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. எழுபது ஆண்டுகள் ஆகியும் கறுப்பினத்தவரின் வறுமை விகிதம் வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது ஏன்? படிப்பு வந்தால் வறுமை போகும் என்று நாம் நம்புவது தவறா? குறை கல்விக் கொள்கையிலா, பொருளாதாரக் கொள்கையிலா?"

படிப்பின் மீது வைத்த நம்பிக்கை தவறல்ல. கல்வியையும் பொருளாதாரத்தையும் இரண்டு தனித் துறைகளாகப் பிரித்துக்கொண்டு, குறை எதில் என்று தேடுவதுதான் நம்மை வழி தவறச் செய்கிறது. அமெரிக்காவில் ஒரு குழந்தையின் பள்ளிக்கு எவ்வளவு பணம் வரும் என்பது அந்தக் குழந்தை குடியிருக்கும் பகுதியின் நிலமதிப்பைப் பெரிதும் சார்ந்தது. எந்தப் பகுதியில் யார் வீடு வாங்கலாம், யாருக்குக் கடன் கிடைக்கும் என்பதை ஒரு தலைமுறைக் காலம் அரசே வகுத்தது. சட்டப் புத்தகத்திலிருந்து இனம் என்ற சொல் நீக்கப்பட்ட பிறகும், வரிக் கணக்கிலும் தகுதி விதிகளிலும் அது தங்கிவிட்டது. என் பதிலின் சாரம் இதுதான். இதை நிறுவக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பள்ளிகளின் நிதி ஏற்பாட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு குக்கிராமத்து அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் சென்னையில் உள்ள அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் ஒரே மாநிலக் கருவூலத்திலிருந்து வருகின்றன. அதனால் அமெரிக்க முறை நமக்கு உடனே பிடிபடாது. அங்கே ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் வருவாய் மாவட்டங்களோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே நகரத்துக்குள் பல பள்ளி மாவட்டங்கள் இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி நிர்வாகக் குழுவும் வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. பள்ளிகளுக்கு வரும் மொத்தப் பணத்தில் சுமார் 45 சதவீதம் உள்ளூரிலேயே திரட்டப்படுகிறது. அதில் பெரும்பங்கு வீடு, மனைகளின் மீதான சொத்து வரி. மற்றதில் பெரும்பாலானதை மாநில அரசு தருகிறது. மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்து வழக்கு ஒன்று பட்டவர்த்தனமாகக் காட்டுகிறது. அந்நகரின் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தில் மாணவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் மெக்சிகோ வம்சாவளியினர். இன்னும் 6 சதவீதத்தினர் கறுப்பினத்தவர். உடைந்த ஜன்னல்களும் தகுதிச் சான்று பெறாத ஆசிரியர்களுமாக இருந்த பள்ளியின் நிலையைக் கண்டித்து 1968 மே மாதத்தில் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். தகட்டு வேலை செய்யும் தொழிலாளியும் முன்னாள் படைவீரருமான டிமெட்ரியோ ரோட்ரிகஸ் உள்ளிட்ட பெற்றோர்கள் அவ்வாண்டே வழக்குத் தொடுத்தார்கள்.

அந்த வழக்கின் தீர்ப்பில் உள்ள எண்களை முதன்முதலில் படித்தபோது, அச்சுப்பிழையாக இருக்குமோ என்று நான் இரண்டாம் முறை பார்த்தேன். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே நகரத்தில் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் பகுதியினர் கட்டியது 85 சென்ட் மட்டுமே. அதாவது ஏழைகளே கூடுதல் விகிதத்தில் வரி கட்டினார்கள். ஆனால் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு 5,960 டாலர் அளவுக்கே சொத்து இருந்தது. அலமோ ஹைட்ஸில் அது 49,000 டாலருக்கு மேல். மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட்டின் வரி ஒரு மாணவருக்கு 26 டாலரையும் அலமோ ஹைட்ஸின் வரி 333 டாலரையும் ஈட்டின. மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்த பிறகும் இடைவெளி நீங்கவில்லை: ஒரு பக்கம் 356 டாலர், மறுபக்கம் 594 டாலர். பிள்ளைகளின் படிப்பில் ஏழைப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று இன்றும் சொல்பவர்கள் அந்த 1.05 டாலரை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1973-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோரின் வாதத்தை நிராகரித்தது. மத்திய அரசியல் சட்டத்தில் கல்வி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை, சொத்து வரியை நம்பிய நிதி முறை அச்சட்டத்துக்கு முரணானதும் அல்ல என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. பள்ளிப் பிரிவினையை 1954-இல் செல்லாததாக்கிய பிரவுன் வழக்கை முன்பு வழக்கறிஞராக வாதாடி வென்ற தர்குட் மார்ஷல், இந்த வழக்கில் நீதிபதியாக அமர்ந்து மாறுபட்ட தீர்ப்பை எழுத வேண்டியதாயிற்று. தோலின் நிறத்தைச் சொல்லி ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்க முடியாது என்பது 1954-இன் சட்டம். நிலமதிப்பைச் சொல்லி அதன் பள்ளியை வறிதாக வைத்திருக்கலாம் என்பது 1973-இன் சட்டம்.

நிலமதிப்பு சந்தையில் தானாக உருவாவதுதானே, அதற்கும் இனத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி இங்கே எழும். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், 1933-ஆம் ஆண்டில், வீட்டுக் கடனில் மூழ்கிய குடும்பங்களைக் கைதூக்கிவிட ஒரு மத்திய நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. அது இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களைப் பகுதி பகுதியாக மதிப்பிட்டு, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டு வரைபடங்கள் தயாரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் சிவப்பாயின; கடன் தர மிக ஆபத்தான பகுதி என்பது அந்த நிறத்தின் பொருள். 1934-இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் இதைவிட ஆழமான தீங்கைச் செய்தது என்பது என் கருத்து. வங்கிகள் தரும் வீட்டுக் கடனுக்கு அது உத்தரவாதம் அளித்ததால்தான் குறைந்த முன்பணத்தில், நீண்ட தவணையில் சாதாரணத் தொழிலாளியும் வீடு வாங்க முடிந்தது. அந்த நிர்வாகம் தன் மதிப்பீட்டாளர்களுக்கு அளித்த கையேடோ, இனங்கள் கலந்து வாழும் பகுதி ஆபத்தானது என்றும், வெள்ளையர் அல்லாதோரை விலக்கும் பத்திர நிபந்தனை இருப்பது விரும்பத்தக்கது என்றும் கூறியது.

நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பு 1947 முதல் எழுந்தது. 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 1949-இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். அங்கே குடியேறியவர்கள் கையெழுத்திட்ட தொடக்க கால ஒப்பந்தத்தில், வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் அந்த வீட்டில் வசிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது; வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. பாத்திரம் கழுவ வருபவர் கதவைத் தாண்டலாம், சாவியை வாங்க முடியாது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1944-இல் வந்த நலச் சட்டத்திலும் இனம் என்ற சொல் இல்லை. அதன் கடன்களை உள்ளூர் வங்கிகளே வழங்கின. மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947-இல் எடுத்த கணக்குப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அன்று எட்டாயிரம் டாலருக்குள் வாங்கிய வீடு இன்று பல லட்சம் டாலர் பெறும். அதை அடமானம் வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அதன் மீதான வரியில்தான் அவ்வூர்ப் பள்ளியும் வளர்ந்தது.

வரியை நேரடி ஆயுதமாகவே பயன்படுத்திய ஊரும் ஒன்று உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்பது மாநிலத்துக்குள் உள்ள ஓர் உள்ளாட்சிப் பகுதி), ஃபார்ம்வில் என்ற சிற்றூரில், கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1950 வாக்கில் அங்கே 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். புதிய கட்டடம் கேட்டபோது, மரச்சட்டத்தின் மீது தார் பூசிய தாளைச் சுற்றிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் கணப்புக்கு அருகில் அமர்ந்த பிள்ளைகளுக்கு வேர்த்துக் கொட்டும். மூலையில் அமர்ந்தவர்கள் கோட்டைக் கழற்றாமல் எழுதுவார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, முதல்வரைப் பொய்யான தொலைபேசி அழைப்பு ஒன்றால் பள்ளியிலிருந்து வெளியே போகவைத்து, அனைத்து வகுப்புகளையும் அரங்குக்கு அழைத்து, ஆசிரியர்களை வெளியேறச் சொல்லிவிட்டு வேலைநிறுத்தத்தை அறிவித்தார். அவர்கள் கேட்டது வெள்ளையர் பள்ளிக்கு இணையான ஒரு கட்டடம், அவ்வளவுதான். வந்து சேர்ந்த வழக்கறிஞர்கள்தாம், பிரிவினையையே எதிர்த்து வழக்காடத் துணிந்தால் எடுத்து நடத்துகிறோம் என்றார்கள். அவர்கள் துணிந்தார்கள். பிரவுன் தீர்ப்பில் ஒன்றாக விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்றாயிற்று.

வழக்கில் வென்ற பிறகு நடந்ததுதான் கொடுமை. பள்ளிகளை ஒன்றிணைத்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் 1959-இல் நெருக்கியபோது, கவுண்ட்டியின் மேற்பார்வைக் குழு பள்ளிக்கான நிதியை ஒதுக்க மறுத்துவிட்டது. அரசுப் பள்ளிகள் அனைத்துக்கும் பூட்டு விழுந்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் பள்ளி எழுந்தது. அதற்கு மாநில அரசின் கட்டண மானியமும் கவுண்ட்டியின் வரிச் சலுகையும் துணை நின்றன. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். சிலர் தேவாலயத்தின் நிலவறையில் கூடிப் படித்தார்கள். பலர் நான்கு ஆண்டுகள் எந்த வகுப்பறையையும் காணவில்லை. வரி விதித்துப் பள்ளிகளைத் திறக்குமாறு அதிகாரிகளுக்குக் கட்டளையிடலாம் என்று 1964 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகே அந்தப் பூட்டு கழன்றது. 1959-இல் ஏழு வயதாக இருந்த குழந்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த ஆண்டுகளை இழந்தவர்களுக்கு வர்ஜீனியா சட்டமன்றம் கல்வி உதவித்தொகை அறிவித்தது 2004-இல். அப்போது அவர்களில் பலருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றையும் சொல்லாவிட்டால் பதில் ஒருபக்கமாகிவிடும். கறுப்பின மக்கள் பள்ளிக்காகக் காத்துக் கிடந்தவர்கள் அல்லர். 1912 முதல் 1932 வரை தென் மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. கறுப்பினக் கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன் வகுத்த திட்டத்துக்கு ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற தொழிலதிபர் நிதி தந்தார் என்றாலும், நிலமும் மரமும் உழைப்பும் ரொக்கமுமாகக் கறுப்பினக் குடும்பங்கள் தந்தது அவர் தந்ததற்குக் குறைந்ததல்ல. பருத்தியை வாரத்துக்குப் பயிரிட்டு, அறுவடை முடிந்தும் கடன் தீராத குடும்பங்கள் அவை. அரசுக்குக் கட்டிய வரி வெள்ளையர் பள்ளிக்குப் போக, தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு இரண்டாம் முறையாக அவர்கள் கைக்காசைப் போட்டார்கள்.

வேலையும் கூலியும் குறித்த சட்டங்களிலும் இதே கைவண்ணத்தைக் காணலாம். முதியோர் ஓய்வூதியத்தை உருவாக்கிய 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விலக்கியது. அன்று கறுப்பின உழைப்பாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் இவர்களை வெளியே நிறுத்தியது. 1963-இல் வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் திரண்ட பேரணியின் பெயரே "வேலைக்கும் விடுதலைக்குமான" பேரணி. அதன் கோரிக்கைகளில் மணிக்கு இரண்டு டாலர் குறைந்தபட்சக் கூலியும் ஒன்று என்பது பலர் நினைவில் இல்லை.

கல்வியிலும் கூலியிலும் ஒரே சமயத்தில் கதவு திறந்த காலம் ஒன்று இருந்தது என்பதால்தான் கேள்விக்கு விடை கிடைக்கிறது. 1965-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டம் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு மத்திய நிதியைக் கொண்டுவந்தது. பிரிவினையைக் கைவிடாத பள்ளிகளுக்கு அந்த நிதி கிடைக்காது என்ற நிலையை முந்தைய ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் உண்டாக்கியிருந்தது. பத்தாண்டு காலத் தீர்ப்புகளால் நகராத தென் மாநிலங்கள் பணம் போய்விடும் என்றதும் நகர்ந்தன. 1966-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விவசாயம், உணவகம், மருத்துவமனை, சலவை நிலையம் போன்ற துறைகளுக்கு விரிந்தது. அக்காலத்தில் இரு இனத்தவரின் வருமான இடைவெளி குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு மாற்றத்தால் விளைந்தது என்று பொருளாதார அறிஞர்களான டெரனன்கோர்ட், மோன்டியலூ இருவரும் கணக்கிட்டிருக்கிறார்கள். 1959-இல் 55 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவரின் வறுமை விகிதம் 1974-இல் 30 சதவீதமாக இறங்கியது. ஒருங்கிணைந்த பள்ளிகளில் படித்த கறுப்பினப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ரக்கர் ஜான்சன், அவர்களுடைய படிப்பும் வருமானமும் உடல்நலமும் உயர்ந்ததையும், அதனால் வெள்ளையர் பிள்ளைகளுக்கு எந்தக் குறைவும் நேராததையும் காட்டினார். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு முழுவதும் ஒரு மாணவருக்கான செலவைப் பத்து சதவீதம் உயர்த்தினால், வளர்ந்த பிறகு கூலி சுமார் ஏழு சதவீதம் உயர்கிறது என்பதும், ஏழைப் பிள்ளைகளிடம் அந்தப் பலன் மிகுதியாகத் தெரிகிறது என்பதும் அவரும் சக ஆய்வாளர்களும் கண்ட முடிவு.

அந்தக் கதவு 1974-இலேயே மூடத் தொடங்கிவிட்டது. டெட்ராய்ட் நகரிலிருந்து வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்ததால், நகருக்குள் மட்டும் பள்ளிகளை ஒருங்கிணைப்பதில் பொருளில்லை என்று கீழ் நீதிமன்றம் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் திட்டத்தில் சேர்த்திருந்தது. உச்ச நீதிமன்றம், மறுபடியும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதைத் தடுத்தது. அதன் பிறகு எல்லைக் கோட்டைத் தாண்டி வீடு வாங்கக் கூடிய எவரும் ஒருங்கிணைப்பிலிருந்து விலகிக்கொள்ள முடிந்தது. அந்த எல்லைக்குள் எஞ்சியவர்களின் சொத்து மதிப்பும், அதனோடு பள்ளியின் வருமானமும் சரிந்தன.

பணத்தைக் கொட்டினால் போதுமா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் நீதிமன்ற ஆணைப்படி சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு பில்லியன் டாலருக்கு அருகில் பள்ளிகளுக்குச் செலவிடப்பட்டது. மதிப்பெண்கள் எதிர்பார்த்தபடி உயரவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி எதற்குப் போனது என்று பார்க்க வேண்டும். டெட்ராய்ட் தீர்ப்பால் புறநகர்ப் பிள்ளைகளை ஆணையிட்டு வரவழைக்க முடியாமல், அவர்களை ஈர்ப்பதற்காகவே நீச்சல் குளங்களும் பளபளப்பான கட்டடங்களும் எழுந்தன. ஆரம்ப வகுப்பில் வாசிக்கத் திணறும் குழந்தைக்கு அருகில் அமர்ந்து கற்பிக்கும் ஆசிரியருக்கு ஆகும் செலவும் அதுவும் ஒன்றல்ல.

படிப்பு முடித்த பிறகும் பாதை சமமாகிவிடுவதில்லை. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. வெள்ளையர் பெயராகத் தோன்றும் விண்ணப்பங்களில் பத்துக்கு ஒன்றுக்கு அழைப்பு வந்தது. கறுப்பினப் பெயராகத் தோன்றுபவற்றில் பதினைந்துக்கு ஒன்று. சொத்தின் நிலைமை இன்னும் மோசம். 2022-ஆம் ஆண்டின் மத்திய ரிசர்வ் வங்கிக் கணக்கெடுப்பின்படி, சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துடையது 44,900 டாலர். பட்டம் பெற்ற ஒருவர் தன் சம்பளத்தால் இந்த இடைவெளியைத் தாண்டிவிட முடியாது. சம்பளம் அந்த மாதச் செலவைச் சமாளிக்க உதவும். வேலை போன மாதத்தில் கைகொடுப்பது தாத்தா வாங்கிவைத்த வீடுதான். கறுப்பினத் தாத்தாவுக்கோ 1947-இல் அந்த வீட்டுக் கடனே மறுக்கப்பட்டது.

ஆகவே கல்வியா, பொருளாதாரமா என்று கேட்டவருக்கு நான் சொல்லக்கூடியது, ஒவ்வொரு கொள்கையிலும் பணம் எந்த விதியின்படி பாய்கிறது, அந்த விதி யாரை வெளியே விடுகிறது என்று பாருங்கள் என்பதுதான். எட்ஜ்வுட் பெற்றோர்கள் மத்திய நீதிமன்றத்தில் தோற்ற பிறகு டெக்சாஸ் மாநில அரசியல் சட்டத்தின் கீழ் மீண்டும் வழக்காடி, 1989-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதான தீர்ப்பைப் பெற்றார்கள். 1993 முதல் அங்கே செல்வ வளம் மிக்க பள்ளி மாவட்டங்கள் தம் வரி வருவாயின் ஒரு பகுதியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று. குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கான மத்திய வரிச் சலுகையை முழுமையாகப் பெறப் பெற்றோருக்கு ஓரளவு வருமானம் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இந்த விதியிலும் இனம் என்ற சொல் இல்லை, ஆனால் கறுப்பினக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்தச் சலுகை முழுமையாகக் கிடைக்காமல் போனது. 2021-இல் அந்த விதியை ஓராண்டுக்கு மட்டும் நீக்கினார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலர் வரையும், மூத்த குழந்தைக்கு 250 டாலர் வரையும் வீடு தேடி வந்தது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலின்படி, நாட்டின் குழந்தை வறுமை அவ்வாண்டு 5.2 சதவீதமாக இறங்கியது. நாடாளுமன்றம் திட்டத்தை நீட்டிக்கவில்லை. 2022-இல் அதே அளவுகோல் 12.4 சதவீதத்தைக் காட்டியது.